வீட்ல விடமாட்டாங்க

நம்மாளுக்கு இந்த உலகத்தில் எதைக் கண்டும் பயம் கிடையாது. வீட்டில்தான் விடமாட்டார்கள்.

இதை அவரே சொல்வார். கேட்காமலே சொல்வார். "நீச்சல் தெரியுமா சார்?" என்று யாராவது கேட்டால், "குதிச்சிருப்பேன் சார். வீட்ல விடல" என்பார். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் ஒரு வேலை வந்தது. இரண்டு மடங்கு சம்பளம். "கிளம்பியே இருப்பேன். வீட்ல விடல." ஒரு தடவை பெரிய மீசை வைத்துப் பார்த்தார். மேலதிகாரி ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுநாள் மீசை இல்லை. "என்ன சார், எடுத்துட்டீங்க?" "வீட்ல..." என்று ஆரம்பித்து ஒரு பெருமூச்சு விடுவார். மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொண்டு, பாவம் மனுஷன் என்று நகர்ந்துவிடுவார்கள்.

வீடு என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அங்கே மிச்சம் இருப்பது வீட்டம்மா ஒருவர்தான். அவர் தடுத்ததாகச் சொல்லப்படும் காரியங்களில் முக்கால்வாசி அவர் காதுக்கே போனதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மாள் கூடத்தை ஒன்றும் சொல்லவில்லை, கூடத்தைப் பெருக்குகிறவரைச் சொன்னார்.

நம்மாள் தொழிலில் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு முழுசாக மூடுகிறதா, நடுவில் நின்றால் மணி அடிக்கிறதா என்று பார்ப்பது வேலை. சரியில்லாத லிஃப்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் பரிசோதனையிலேயே அவர் பாஸ் போட்ட லிஃப்ட் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அவர் பார்த்த லிஃப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆபீஸில் அவருக்கு 'சிவப்பு ஸ்டிக்கர்' என்றே பெயர். ஜீப் ஓட்டுவார், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவர் ஜீப் முன்னால் போனால், பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் மணி அடித்து வழி கேட்பார்கள்.

வீட்டம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். யார் மயங்கி விழுவார்கள், யார் விழமாட்டார்கள் என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். "பயந்தவன் நிறையப் பேசுவான். ஜோக் அடிப்பான். ஆனா கட்டைவிரலை மட்டும் உள்ள மடக்கி வச்சுக்குவான்" என்பார். அப்படி ஒருவர் வந்தால் நாற்காலியில் உட்கார வைப்பதே இல்லை, நேராகக் கட்டில்தான்.

இப்போது காருக்கு வருவோம்.

நம்மாள் வீட்டு டிவி மேல் ஒரு பொம்மைக் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை இல்லை. மூக்கு நீளம், முதுகு குட்டை. அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஓடின ஜாதி. சாயங்காலமானால் கேட்டருகே நின்று, மாடி வீட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவரிடம் அந்தக் காரைப் பற்றிப் பேசுவது நம்மாளின் வழக்கம்.

"நிஜக் கார் கிடைச்சா விடமாட்டேன் சார். எந்த மலை மேல இருந்தாலும் சரி. லாரியில ஏத்திக் கொண்டாற ஆளு நான் இல்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சு நானே ஓட்டிட்டு வருவேன்."

"பிரமாதம் சார்!"

"வீட்லதான் விடமாட்டாங்க."

"அடடா!"

இந்த 'அடடா' நம்மாளுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை மாதிரி. ஒரு நாள் தவறாமல் வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை ஆட்டிக்கொண்டே மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"சார்! மாட்டிக்கிச்சு சார்!"

"யாரு?"

"காரு! உங்க காரு! அதே சிவப்பு! ஒரு பல் டாக்டர் விக்கறாராம். அதுவும் எங்க? மலை மேல! நீங்க வாய் வச்ச முகூர்த்தம் சார்!"

நம்மாள் விளம்பரத்தைப் பார்த்தார். படத்தில் அதே மூக்கு, அதே முதுகு. தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. ஆனாலும் பெரிதாகப் பதறவில்லை. கையில்தான் கவசம் இருக்கிறதே.

"வீட்ல கேக்கணுமே" என்று பெருமூச்சு விட்டார்.

"கேளுங்க சார். நான் இங்கயே நிக்கறேன்."

நம்மாள் உள்ளே போனார். போகும்போதே முகத்தைத் தோல்விக்குத் தயார் செய்துகொண்டார். வீட்டம்மா சமையலறையில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கார் விலைக்கு வருதாம்."

"எந்தக் காரு?"

"அந்த... டிவி மேல இருக்கே."

"அதை எதுக்கு விக்கறீங்க? குழந்தைங்க வந்தா விளையாடும்."

"அது இல்லம்மா. அதே கார், நிஜ சைஸ்ல. மலை மேல ஒருத்தர் விக்கறாராம். வாங்கி, நானே ஓட்டிட்டு வரணும்."

வீட்டம்மா தலையை நிமிர்த்தினார். நம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வாங்குங்க."

நம்மாள் திரும்பி நாலடி நடந்துவிட்டார், வாசலில் போய் 'விடமாட்டேங்கறாங்க சார்' என்று சொல்ல. ஐந்தாவது அடியில்தான் வார்த்தை உறைத்தது.

"என்ன சொன்னே?"

"வாங்குங்கன்னேன். எத்தனை வருஷ ஆசை!"

"ரெண்டே சீட்டு."

"நாம ரெண்டே பேரு."

"மேல கூரை கிடையாது."

"காத்து வரும்."

"மழை வந்தா?"

"குடை இருக்கு."

"ரொம்பப் பழசும்மா. என்னை விட வயசு ஜாஸ்தி."

"பழசா இருந்தா என்ன? உங்களை வச்சுக்கிட்டு நான் குடித்தனம் பண்ணல?"

"சேமிப்பெல்லாம் கரைஞ்சு போயிடும்!"

"கரையட்டும். செத்தா கூடவா எடுத்துட்டுப் போகப் போறோம்?"

"மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு!"

"பாக்க ரொம்ப நல்லா இருக்கும்" என்றார் வீட்டம்மா. "இந்தாங்க, ஆரஞ்சு."

வாசலிலிருந்து ஸ்டூடியோக்காரரின் குரல் கேட்டது. "சார், என்ன சார் ஆச்சு?"

பதில் சொன்னது நம்மாள் இல்லை. வீட்டம்மா ஜன்னல் வழியாகவே சொன்னார்: "வாங்கறோம் சார்!"

தெருவே கேட்கும்படி ஸ்டூடியோக்காரர் கைதட்டினார்.

அன்று மத்தியானமே வீட்டம்மா அந்தப் பல் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டார். போனை எடுத்தது டாக்டரின் மனைவி. காரைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் வேண்டும்? ஐந்து நிமிஷம்? இரண்டு பெண்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நம்மாள் ஹாலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டார். காதில் விழுந்ததெல்லாம், "ஆமாமா", "இங்கயும் அதேதான்", "அங்கயுமா?", அப்புறம் விழுந்து விழுந்து ஒரு சிரிப்பு.

"அட்வான்ஸ் அனுப்பிடலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"அதெல்லாம் நாங்க பேசி முடிச்சுட்டோம். அடுத்த சனிக்கிழமை போறோம். நீங்க தயாராகற வழியைப் பாருங்க."

அந்த வாரம் முழுக்க நம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் வளைவு. கண்ணைத் திறந்தால் ஸ்டூடியோக்காரர்.

"சார், தெருமுனையில ரிப்பன் கட்டறோம். நீங்க கார்ல வந்து அதை அறுத்துக்கிட்டு உள்ள வர்றீங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்து கிளிக் பண்றேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"எல்லார்கிட்டயுமா?"

"இஸ்திரிக் கடைக்காரர் அன்னைக்கு லீவே போட்டுட்டார் சார்!"

ஸ்டூடியோவில் வேஷம் போட்டுப் படம் எடுக்க வைத்திருந்த பைலட் கண்ணாடியையும் தோல் தொப்பியையும் கொண்டு வந்து அவரே நம்மாளுக்கு மாட்டிவிட்டார். நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் ஒன்று தொப்பி போட்டுக்கொண்ட மாதிரி நம்மாளுக்கே தெரிந்தது.

வீட்டம்மாவோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். தலையில் கட்ட மஞ்சள் ஸ்கார்ஃப் வாங்கினார். வழியில் சாப்பிட ரொட்டியும் அவித்த முட்டையும் என்று திட்டம் போட்டார். நம்மாள் ஜாக்கி வாங்கினார். இழுவைக் கயிறு வாங்கினார். டயருக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை வாங்கினார். கடைக்காரர் இரண்டு போதும் என்றபோது இன்னும் இரண்டு வாங்கினார்.

வியாழக்கிழமை, ஒரு ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒட்டிய கை அப்படியே நின்றது. அடடா! புத்தியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாரம் பூரா பட்டினி கிடந்தோமே! தான் யார்? பரிசோதகர். ஒரு பழைய காரில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாதா? "எல்லாம் சரி, பிரேக்தான் சரியில்லை. என் தொழில் தர்மம் இடம் கொடுக்கல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானமும் போகாது, உயிரும் போகாது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

அன்று ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டார். சட்டைப் பையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மலை ஏறினார்கள். நம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது பெரிய தப்பு. முதல் வளைவில் பள்ளம் தெரிந்தது. இரண்டாவது வளைவில் பள்ளம் மட்டும்தான் தெரிந்தது, பாதை தெரியவில்லை. மூன்றாவது வளைவில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வீட்டம்மா நீட்டிய பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டார்.

"இதே பாதையிலதான் திரும்பி வரணும், இல்ல?" என்று வீட்டம்மா ஆசையாகக் கேட்டார்.

நம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் வேறு வேலையாக இருந்தது.

பல் டாக்டர் வீடு ஒரு சரிவின் மேல் இருந்தது. டாக்டர் ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு, சிரித்த முகமாக இருந்தார். அவர் மனைவி உயரமான அம்மாள். மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, அந்தப் பள்ளிக்கூட வேனையும் தானே ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு வேன் டீச்சர் என்று பெயராம். வந்த இரண்டாவது நிமிஷமே வேன் டீச்சரும் வீட்டம்மாவும் பல வருஷம் பழகினவர்கள் மாதிரி கையைக் கோத்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஷெட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே கார் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், நம்மாள் ஒரு நிமிஷம் பயத்தையே மறந்துவிட்டார். அவ்வளவு அழகு. கழுவின செர்ரிப் பழம் மாதிரி சிவப்பு. வட்டமான இரண்டு விளக்கு, மரத்தில் ஸ்டியரிங், தையல் போட்ட தோல் சீட்டு. சின்ன வயசில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பொம்மையைப் பார்த்த பையன் அவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். ஆனால் அந்தப் பையன் வளைவுகளைப் பார்த்ததில்லை. நம்மாள் அவனை உள்ளே தள்ளிவிட்டு, பையைத் திறந்து சுத்தியலையும் டார்ச்சையும் எடுத்தார்.

"பாத்துடலாமா சார்? தப்பா நினைச்சுக்காதீங்க, தொழில் புத்தி."

"தாராளமா பாருங்க" என்றார் டாக்டர். அவர் குரலில் என்னவோ ஒரு நம்பிக்கை தெரிந்தது. "ஏதாவது குறை இருந்தா ஒளிக்காம சொல்லுங்க. விக்காம வச்சுக்கறேன்."

நம்மாள் காருக்கு அடியில் படுத்தார். தட்டினார். முகர்ந்தார். பிரேக்? புதுசு. டயர்? புதுசு. ஸ்டியரிங்? வெண்ணெய். எண்ணெய் ஒரு சொட்டுக் கசியவில்லை. தரையில் எறும்புகூட இல்லை. வெளியே வந்தபோது நம்மாளின் முகத்தில் வியர்வை. இத்தனை வருஷ சர்வீஸில் ஒட்ட இடமில்லாமல் ஒரு ஸ்டிக்கர் அவர் பையில் இருந்தது அன்றுதான்.

"இதுல... நடுவழியில நின்னுபோனா அடிக்கற அலாரம் பட்டன் இல்லையே!"

"சார், இது லிஃப்ட் இல்ல" என்றார் டாக்டர் தயவாக.

"இத்தனை நல்லா வச்சிருக்கீங்க. எங்கெல்லாம் ஓட்டியிருக்கீங்க?"

டாக்டர் கேட்டைப் பார்த்தார். "அதுவரைக்கும்."

"அதுக்கு மேல?"

"போயிருப்பேன் சார்" என்றார் டாக்டர். ஒரு பெருமூச்சு விட்டார். "வீட்ல விடமாட்டாங்க."

நம்மாளுக்கு யாரோ தன் குரலையே திருடிப் பேசிக் காட்டியது போல இருந்தது. மெதுவாக டாக்டரின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அப்புறம் தன் கையைப் பார்த்தார். அதை ஏன் கேட்கிறீர்கள்.

திண்டாட்டம் அதோடு நிற்கவில்லை. வாசல்படியில் வேன் டீச்சர் நின்றுகொண்டு, "கிளம்புங்க, வெயில் ஏறுது" என்றார். வீட்டம்மா மஞ்சள் ஸ்கார்ஃபை முடிச்சுப் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டார். நம்மாள் தோல் தொப்பியை மாட்டினார். கண்ணாடியை மாட்டினார். காருக்குள் இறங்கினார். ஏறினார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு பள்ளம். முழங்கால் காதைத் தொட்டது. சாவியைத் திருப்பினார். கார் ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், ஷெட்டுக் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்து போயிற்று. நம்மாளின் உயிரும் அதோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

எதிரே கேட். கேட்டுக்கு வெளியே சரிவு. சரிவின் முடிவில் முதல் வளைவு. வளைவுக்கு அப்பால் மேகம்.

"போலாமா?" என்றார் வீட்டம்மா.

"பிரேக் கொஞ்சம்..."

"புதுசுன்னு இப்பதான் சொன்னீங்க."

"மழை வர்ற மாதிரி..."

"குடை இருக்கு."

நம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு. நீ ஒரு தடவை வேண்டாம்னு சொல்லேன்."

"எதை?"

"இதைத்தான். வேண்டாம், எனக்குப் பிடிக்கல, இறங்குங்கன்னு சத்தமா சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வீட்டம்மா கை நீட்டிச் சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது. அந்த அமைதியில் அவர் பேசினது எல்லாருக்கும் கேட்டது.

"போன மாசம் உங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் லேபுக்கு வந்தார். ரத்தம் எடுக்கக் கையை நீட்டிக்கிட்டே, 'நீங்கதான் சாரோட வீட்டம்மாவா? பாவங்க அவரு, நீங்க எதுக்குமே விடமாட்டீங்களாமே'ன்னார். நீச்சல் நான் விடலையாம். கடல் வேலைக்கு நான் விடலையாம். மீசையைக்கூட நான்தான் எடுக்க வச்சேனாம். ஊசியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா? நான் எப்பவாவது வேண்டாம்னேனா?"

கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மீசை விஷயத்தில், 'வச்சுக்குங்க, நல்லாத்தான் இருக்கு' என்று அவர் சொன்னதுகூட இப்போது ஞாபகம் வந்து குத்தியது. வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு வேண்டாம்னா நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை என் வாயை வாடகைக்கு விடறதா இல்ல" என்றார் வீட்டம்மா. அப்புறம், லேபில் ஊசி குத்தும் முன் நோயாளிகளிடம் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது. ஒரே நிமிஷம். சொல்லிடுங்க."

நம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. புறாக்கள் ஒவ்வொன்றாகக் கூரைக்குத் திரும்பி வந்தன.

"முதல்ல இருந்தே பயம்தான். தண்ணின்னாலும் பயம், கடல்னாலும் பயம், மேலதிகாரின்னாலும் பயம். இந்தக் கார்னா உயிரு. ஆனா பயம்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு மேல் ஏழு மாடி லிஃப்ட் ஒன்று உட்கார்ந்திருந்து எழுந்து போன மாதிரி இருந்தது. அப்பாடா! இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம்? நம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

"எனக்கும்தான் சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பல் டாக்டர்! ஷெட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் ஓடி வந்து நம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வீட்ல விடலன்னது சும்மா. கேட்டைத் தாண்டினா எனக்குக் கால் நடுங்கும். விக்கவும் மனசில்ல. இவதான், 'ஓட்டாத காரை ஒண்ணு ஓட்டுங்க, இல்ல வித்துடுங்க'ன்னு விளம்பரம் கொடுத்துட்டா. குறை கண்டுபிடிப்பீங்கன்னு உங்களைத்தான் மலை மாதிரி நம்பினேன்!"

"நானும் அதைத்தான் சார் நம்பினேன்!"

இரண்டு ஆண்பிள்ளைகளும் காணாமல் போய்க் கிடைத்த சகோதரர்கள் மாதிரி கையை விடாமல் நின்றார்கள். வாசல்படியிலிருந்து வேன் டீச்சர் இறங்கி வந்தார். டாக்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். டாக்டர் காரைக் காட்டினார், சாவி அதில்தான் இருந்தது.

"இத்தனை வருஷம் ஒரு தடவை கொடுத்தாரா பாருங்க" என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, வேன் டீச்சர் நம்மாளை இறங்கச் சொல்லி, தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "வாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். ரெண்டு சீட்டுதான், நீங்க ரெண்டு பேரும் பையைத் தூக்கிட்டு நடந்து வாங்க."

கார் கேட்டைத் தாண்டியது. வளைவில் மஞ்சள் ஸ்கார்ஃப் ஒரு தடவை பறந்து மறைந்தது. பின்னால் ஜாக்கியையும் இழுவைக் கயிற்றையும் நாலு மரக்கட்டையையும் சுமந்துகொண்டு இரண்டு பேர் சரிவில் நடந்து இறங்கினார்கள். வாழ்க்கையில் நம்மாள் அவ்வளவு சந்தோஷமாக நடந்ததில்லை. தரை காலுக்குக் கீழேயே இருந்தது. எவ்வளவு நல்ல விஷயம் அது! டாக்டர் அவருக்குத் தன்னுடைய தண்ணீர்ப் பயத்தைப் பற்றிச் சொன்னார். நம்மாள் டாக்டருக்கு மேலதிகாரிப் பயத்தைப் பற்றிச் சொன்னார். பேச்சு சுவாரஸ்யத்தில் வளைவு வந்ததையே கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வீட்டம்மா கன்னமெல்லாம் சிவந்து, தலை கலைந்து, பதினெட்டு வயசுப் பெண் மாதிரி நின்றார். வேன் டீச்சர் இன்னொரு ரவுண்டு அடிக்கப் போயிருந்தார். டாக்டர் நடந்தே திரும்பினார்.

"டிக்கெட் கிடைக்குமா தெரியலையே" என்றார் நம்மாள், கூட்டத்தைப் பார்த்து.

வீட்டம்மா கைப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டை எடுத்தார்.

"எப்ப எடுத்தே?"

"நீங்க கார்னு சொன்ன அன்னைக்கே. உங்க கட்டைவிரல் உள்ள இருந்துச்சு. முன்சீட்டாப் பாத்து எடுத்தேன், வளைவுல உங்களுக்குக் குமட்டாது. நீங்க ஜன்னல் பக்கம் வேண்டாம்."

"அட்வான்ஸ்?"

"அனுப்பினாத்தானே?"

நம்மாள் யோசித்துப் பார்த்தார். கோபப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது, அலை அலையாக. பஸ்ஸில் ஏறி ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார். கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் வளைவை ஒரு கண்ணால் பார்த்தார். இரண்டாவதை இரண்டு கண்ணாலும் பார்த்தார். அடிவாரம் வரும்போது வீட்டம்மாவின் தோளில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டார்.

எழுந்தபோது ஊர் நெருங்கிவிட்டது. திடீரென்று ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ! ஸ்டூடியோக்காரர்! ரிப்பன்! தெருவே தெருமுனையில நிக்குமே! இப்ப என்னன்னு சொல்றது?"

"அதை நான் காலையில கிளம்பும்போதே அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் வீட்டம்மா.

நம்மாள் நன்றியோடு வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனைவி! இத்தனை பேசிவிட்டு, கடைசியில் அந்தப் பழியைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறாரே!

"வீட்ல விடலன்னு சொல்லிட்டியா?"

வீட்டம்மா ஸ்கார்ஃபை மடித்துக் கைப்பையில் வைத்தார். தோல் தொப்பியையும் பைலட் கண்ணாடியையும் எடுத்து நம்மாளின் மடியில் வைத்தார்.

"போட்டுக்குங்க. ரிப்பனை பஸ் ஸ்டாப்புல கட்டச் சொல்லியிருக்கேன்."